56 முட்டை இன்குபேட்டர்: கிளிமூக்கு இறக்கம் எடுப்பவர்களுக்குச் சரிப்படுமா?

வெள்ளை பிளாஸ்டிக் உடல், உள்ளே தெரிகிற மாதிரி மூடி, மூடியின் நடுவில் ஒரு ஃபேன், முகப்பில் வெப்பமும் ஈரப்பதமும் நாளும் மாறி மாறி வரும் சின்னத் திரை. இந்த 56 முட்டை மெஷின் எத்தனையோ பெயர்களில் விற்கிறது. ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டால் உள்ளே ஏறக்குறைய எல்லாம் ஒன்றுதான். அதனால் எந்தப் பிராண்டையும் பிடித்துப் பேசாமல், இந்த ரகத்தையே ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளலாம்.

கறிக்கு நாட்டுக்கோழி வளர்ப்பவருக்கு நூற்றுக்கு எத்தனை பொரிக்கும் என்று தெரிந்தால் போதும். அந்த வேலைக்கு இது தாராளமாகப் போதும், வாங்கலாம். கிளி போல வளைந்த மூக்கும் விரிந்த நீள வாலும் கொண்ட கிளிமூக்கு விசிறிவால் சேவலில் மூக்கும் பூவும் (கொண்டை) வாலும் தலைமுறைக்குத் தலைமுறை மாறாமல் நிற்க வேண்டும் என்று லைன் கட்டுகிறவருக்கு, அதாவது இறக்கம் எடுப்பவருக்கு, அது போதாது. எந்தக் குஞ்சு எந்தப் பெட்டையுடையது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அந்தக் குஞ்சின் கால் கோணலாக இருந்தால் அது ரத்தத்தில் வந்ததா, மெஷின் செய்ததா என்பதும் தெரிந்தாக வேண்டும். இரண்டாவது கேள்விக்குத் தப்பாகப் பதில் எழுதி, நல்ல சேவலைக் கறிக்குத் தள்ளுவது இந்தத் துறையில் சாதாரணமாக நடக்கிறது. இந்த மெஷினின் நிறைகுறைகளை அந்த இடத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும்.

முதலில் வெப்பம். ஃபேன் உள்ள மெஷினுக்கு 37.5 முதல் 37.7 டிகிரி செல்சியஸ் சரி. திரையில் 37.7 என்று வருவது சென்சார் தொங்கும் இடத்து வெப்பம் மட்டுமே, அது பெரும்பாலும் ஃபேனுக்கு அருகில் இருக்கும். மூலைகளில் அரை டிகிரி, சில உருப்படிகளில் அதற்கும் மேல் குறைந்திருக்கும். வாங்கியவுடன் முட்டை அடுக்காதீர்கள். ஒரு நாள் முழுக்கக் காலியாக ஓடவிட்டு, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்றை முட்டை உட்காரும் உயரத்தில் நான்கு மூலையிலும் நடுவிலும் மாற்றி மாற்றி வையுங்கள். ஒவ்வொரு இடத்திலும் கால் மணி நேரம் போதும். ஏறிய அளவிலேயே நின்றுவிடும் வகை என்றால் இடம் மாற்றும் போதெல்லாம் உதறி இறக்க வேண்டும், இல்லாவிட்டால் முந்தின மூலையின் வெப்பத்தையே காட்டும். உடம்புச் சூட்டை அளக்கச் செய்தது என்பதால் இந்த 37, 38 டிகிரி வட்டாரத்தில் அது துல்லியம். மெஷினோடு இனாமாக வரும் தெர்மாமீட்டரை விட நம்பலாம். நடுவில் வரும் வித்தியாசத்தைக் கன்ட்ரோலரின் திருத்த அளவில் போட்டுக்கொள்ளலாம். மூலைக்கும் நடுவுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மருந்து கிடையாது. தினம் ஒரு தடவை முட்டைகளை வரிசை மாற்றி வைப்பது ஒன்றுதான் வழி.

அரை டிகிரிக்கு இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு என்று தோன்றலாம். சூடு கூடினால் குஞ்சு 19, 20 நாளிலேயே வந்துவிடும். உருவம் சிறுத்திருக்கும், தொப்புள் சரியாக மூடாது, சில சமயம் விரலும் கோணும். சூடு குறைந்தால் 22, 23 நாள் இழுத்து, வயிறு உப்பி, எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் வரும். மூன்றாம் நம்பர் பெட்டையின் முட்டைகளை எப்போதும் இடது மூலையில் அடுக்கும் பழக்கம் ஒருவருக்கு இருந்தால், மூன்றாம் நம்பர் பெட்டைக்கு எப்போதும் சோப்ளாங்கிக் குஞ்சுகள்தான். நோட்டில் ‘லைன் வீக்’ என்று ஏறிவிடும். பாவம் பெட்டைக்குப் போகும், குற்றவாளி மூலையில் உட்கார்ந்திருக்கும்.

ஈரப்பதம் காட்டும் எண்ணை இந்த விலையில் நம்பவே வேண்டாம். தராசை நம்புங்கள். நகை எடை போடுகிற மாதிரி 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. முட்டை 18ஆம் நாளுக்குள் தன் எடையில் 11 முதல் 13 சதவீதம் இழக்க வேண்டும். 45 கிராம் முட்டை என்றால் நாளுக்கு சுமார் 0.3 கிராம், ஏழாம் நாள் 42.9, பதினெட்டாம் நாள் 39.6. இதைவிட வேகமாக இறங்கினால் தண்ணீர் ஊற்ற வேண்டும், மெதுவாக இறங்கினால் தொட்டியைக் காயவிட வேண்டும். ‘முதல் 18 நாள் 50, கடைசி மூன்று நாள் 65 முதல் 70’ என்று மெஷினோடு வரும் தாளில் இருப்பது தப்பில்லை. ஊருக்கு ஊர் அதை எட்டும் வழிதான் வேறு. கடலோர ஊரில் அறை 30 டிகிரியில் 75 சதவீத ஈரத்தோடு இருந்தால், அதே காற்று மெஷினுக்குள் 37.6 டிகிரிக்குச் சூடாகும்போது ஈரப்பதம் 49 சதவீதத்துக்கு வந்துவிடும். அங்கே முதல் 18 நாள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தேவைப்படாது. சித்திரை வெயிலில் கரூர்ப் பக்கம் அறைக் காற்று 36 டிகிரி, 35 சதவீதம் என்றால் உள்ளே 32 சதவீதம்தான். அங்கே இரண்டு தொட்டியும் நிரம்பி இருக்க வேண்டும். கடலோரத்தில் இருப்பவர் சொன்ன முறையைக் கரூரில் அப்படியே செய்தால் குஞ்சு சவ்வில் ஒட்டிச் சாகும். கரூர் முறையைக் கடலோரத்தில் செய்தால் ஓட்டுக்குள்ளேயே மூழ்கின மாதிரி நீர்க்கோத்துச் சாகும். இரண்டையும் ‘கடைசி நேரத்தில் செத்துவிட்டது’ என்ற ஒரே வரியில் எழுதிவைப்பவர்கள் நிறைய.

முட்டை திருப்பும் அமைப்பில் இரண்டு வகை. தட்டு மொத்தமாக இரு பக்கமும் 45 டிகிரி சாய்வது ஒன்று, உருளைகளின் மேல் முட்டை படுத்து உருள்வது இன்னொன்று. சாயும் தட்டை வாங்குங்கள். உருளை வகையில் இடைவெளி, பண்ணைக்கோழியின் 55, 60 கிராம் முட்டைக்குக் கணக்குப் பண்ணியது. நம் நாட்டுப் பெட்டையின் 40, 45 கிராம் முட்டை அதில் வழுக்கி நின்ற இடத்திலேயே நிற்கும். சோதிக்கச் செலவில்லை. முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, எதிர்ப்பக்கம் வட்டம். காலையில் பெருக்கல் தெரிந்த முட்டையில் அடுத்த திருப்பத்திலும் அதற்கடுத்த திருப்பத்திலும் பெருக்கலே தெரிந்தால் அது உருளவில்லை. முதல் வாரத்தில் திரும்பாத கரு ஓட்டுச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். 18ஆம் நாள் மோட்டார் வயரைக் கழற்றிவிட மறக்காதீர்கள்.

இந்த மெஷினின் மோசமான பாகம் அடித்தட்டு. வழவழவென்ற பிளாஸ்டிக். பொரித்த குஞ்சு எழுந்து நிற்கப் பார்க்கும், இரு காலும் இரு பக்கமாகச் சறுக்கும், அப்படியே கிடந்தால் இடுப்பு விரிந்தபடி இறுகிவிடும். ரத்தக் குறை என்று தவறாக எழுதப்படும் குறைகளில் இதற்குத்தான் முதலிடம். பத்து ரூபாய்ச் செலவில் தீரும். டிராயரில் விரிக்கும் சொரசொரப்பான ரப்பர் விரிப்பைத் தட்டளவுக்கு வெட்டி 18ஆம் நாள் போட்டுவிட்டால் போதும். செய்தித்தாள் போடவே கூடாது, நனைந்தால் அதுவும் வழுக்கும். விரிந்த காலை முதல் நாளே பஞ்சு வைத்த பிளாஸ்டர் துண்டால் இயல்பான அகலத்துக்கு இணைத்துக் கட்டினால் இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் நேராகிவிடும். நேரானால் அது ரத்தமில்லை, மெஷின்.

விரல் கோணலும் விரல் சுருளலும் ஒன்றல்ல. விரல்கள் முஷ்டி மாதிரி உள்பக்கம் சுருண்டால் தாயின் தீவனத்தில் ரிபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) குறைவு என்று சந்தேகப்படுங்கள். அரிசியும் கம்பும் மட்டும் தின்னும் பெட்டையிடம் இது வரும். முட்டை சேர்ப்பதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே கீரையும் வைட்டமின் கலவையும் கொடுத்தால் அடுத்த அடையில் காணாமல் போகும். அலகு குறுக்கே போவதை மட்டும் இந்தச் சலுகைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். மூக்கே அடையாளமான இனத்தில், மேல் அலகும் கீழ் அலகும் கத்தரி மாதிரி விலகும் குஞ்சு எந்த ஜோடியில் வந்தது என்று குறித்து, அந்த ஜோடியைப் பிரித்துவிடுவதுதான் நல்லது.

பழி மெஷினுடையதா ரத்தத்துடையதா என்று பிரிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரே பெட்டையின் எட்டு முட்டையை நான்கு மூலைக்கும் இரண்டிரண்டாகப் பிரித்து, இந்தச் சோதனைக்கு மட்டும் தினசரி இடம் மாற்றாமல் வையுங்கள். முடிந்தால் அடுத்த ஈட்டில் நாலு முட்டையை ஒரு அடைக்கோழிக்குக் கொடுங்கள். குறை பெட்டையைத் தொடர்ந்து வந்தால் ரத்தம், மூலையைத் தொடர்ந்து வந்தால் மெஷின். அடைக்கோழியிடம் எல்லாம் நன்றாகப் பொரித்து, மெஷினில் மட்டும் கெட்டால் சந்தேகமே வேண்டாம்.

இதெல்லாம் நடக்க, குஞ்சு பொரிக்கும் நேரத்தில் எது யாருடையது என்று தெரிய வேண்டும். கம்பெனி இதற்கு எதுவுமே தருவதில்லை, 56 குஞ்சும் ஒரே தட்டில் கலந்து ஓடும். முட்டை மேல் பெட்டை நம்பரையும் தேதியையும் மெல்லிய பென்சிலால், கூர்முனைப் பக்கமாக எழுதுங்கள். குஞ்சு அகன்ற முனையைத்தான் உடைக்கும், கூர்முனை ஓடு முழுசாகக் கிடைக்கும். ஸ்கெட்ச் பேனா வேண்டாம். எழுத்து மட்டும் போதாது, 18ஆம் நாள் ஒவ்வொரு பெட்டையின் முட்டையும் தனிக்கூண்டுக்குள் போக வேண்டும். பிளாஸ்டிக் பூசிய அரை அங்குலக் கம்பி வலையில் 15 சென்டிமீட்டருக்கு 12, உயரம் 8 என்ற அளவில் மடித்தால் ஐந்து முட்டைக்குச் சரியாக இருக்கும். மேல்மூடி கட்டாயம், பொரித்த குஞ்சு ஒரு நாளில் ஏறிக் குதிக்கும். எலுமிச்சம்பழம் வரும் வலைப்பையையும் பயன்படுத்துகிறார்கள். அவசரத்துக்குச் சரி, ஆனால் இழையில் விரல் மாட்டும். கூண்டு வைத்தால் 56 முட்டை மெஷினில் கடைசி மூன்று நாள் 30, 35 முட்டைக்கு மேல் இடம் இருக்காது. லைன் எடுப்பவர் 56 என்ற எண்ணை மறந்துவிட்டு இதை 30 முட்டை மெஷினாக நினைத்து விலையைக் கணக்குப் போட வேண்டும்.

கூண்டிலிருந்து எடுக்கும்போதே கால் சவ்வில் துளை போட்டுவிடுங்கள். இரு காலிலும் விரல்களுக்கு இடையே இரண்டிரண்டு சவ்வு, மொத்தம் நான்கு. துளை உண்டு, இல்லை என்று மாற்றினால் 16 அடையாளம் கிடைக்கும். பதினாறு பெட்டைக்கு அது போதும். வளையமோ கலர் கேபிள் டையோ போட்டால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தளர்த்தியோ மாற்றியோ போட வேண்டும், மறந்தால் கால் வளர்ந்து சதைக்குள் புதைந்துவிடும்.

குஞ்சைக் கையில் எடுத்ததும் டார்ச் அடித்துப் பூவைப் பாருங்கள். கிளிமூக்குக்கு வேண்டியது தாழ்ந்து மூன்று வரியாகப் படிந்த மத்திப்பூ, தாடி இல்லாத கன்னம். ஒரு நாள் குஞ்சிலேயே மத்திப்பூவின் அகன்ற தடமும் கத்திப்பூவின் ஒற்றைக் கோடும் வேறுவேறாகத் தெரியும். மத்திப்பூ ஓங்கும் குணம், கத்திப்பூ ஒளிந்திருக்கும் குணம். மத்திப்பூச் சேவலும் மத்திப்பூப் பெட்டையும் சேர்ந்து ஒரே ஒரு கத்திப்பூக் குஞ்சு தந்தாலும் இரண்டுமே அதை ஒளித்து வைத்திருக்கின்றன என்று அர்த்தம். அந்தக் குஞ்சை மட்டும் கழித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவதில் பயனில்லை. அதே ஜோடியின் மத்திப்பூக் குஞ்சுகளிலும் மூன்றில் இரண்டு அதைச் சுமக்கும். சந்தேகமான சேவலைக் கத்திப்பூப் பெட்டை ஒன்றோடு தனியாக விட்டுப் பாருங்கள். ஒளித்து வைத்திருக்கும் சேவலுக்கு ஏழு குஞ்சும் மத்திப்பூவாக வர 128இல் ஒரு வாய்ப்புதான் உண்டு. இந்தச் சோதனைக்கு ஒரு ஈடு போதும். பழைய முறையில் அடைக்கு வைத்தால் பெட்டை மூன்று வாரம் படுத்து, குஞ்சு பிரியும்வரை மறுபடி முட்டைக்கு வர மாட்டாள். முட்டையை எடுத்துக்கொண்டே இருந்தால் சீக்கிரம் அடுத்த ஈட்டுக்கு வருவாள். லைன் எடுப்பவருக்கு இந்த மெஷின் தரும் உண்மையான லாபம் இதுதான்.

சேவல் மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. பழைய சேவலின் விந்து பெட்டைக்குள் இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கும். புதுச் சேவலை விட்டு மூன்று வாரம் கழித்து வரும் முட்டைகளைத்தான் அதன் பேரில் எழுதலாம். ஒரு வாரத்தில் அவசரப்பட்டால் நோட்டு பொய் சொல்லும்.

வாலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விலை அதில்தான் இருக்கிறது. தரைக்கு இணையாக நீண்டு விரியும் வால் முழு உருவத்துக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். மூன்று மாதப் பட்டாவின் (இளஞ்சேவலின்) வாலைப் பார்த்துக் கழிப்பது கண்ணை மூடிக்கொண்டு கழிப்பது போல. எட்டு வாரத்தில் பூவும் மூக்கும் காலும், ஆறு மாதத்தில் எடையும் நிற்கும் தோரணையும், வால் மட்டும் வருஷம் கழித்து. வாலுக்காக எவ்வளவு பட்டா நிறுத்த முடியும் என்பது தீவனச் செலவைப் பொறுத்தது, ஆகவே முந்தின இரண்டு கட்டத்தில் தயங்காமல் கழிக்க வேண்டும்.

ஒரே சூப்பர் சேவல், பத்துப் பெட்டை என்று இறங்குவது பலர் செய்யும் தப்பு. அந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு தலைமுறைக்கும் சுமார் 14 சதவீதம் ரத்த நெருக்கம் ஏறும். முதல் வருஷம் எல்லாம் ஒரே அச்சில் வந்து சந்தோஷம் தரும், மூன்றாம் வருஷம் கரு கூடாத முட்டை தரும். அப்போதும் திட்டு மெஷினுக்குத்தான். மூன்று கூண்டு, கூண்டுக்கு ஒரு சேவல், நாலு பெட்டை என்றால் இது 5 சதவீதமாகக் குறையும். பெட்டைக் குஞ்சுகள் பிறந்த கூண்டிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு தலைமுறையிலும் முதல் கூண்டின் பட்டா இரண்டுக்கு, இரண்டின் பட்டா மூன்றுக்கு, மூன்றின் பட்டா ஒன்றுக்கு என்று சுற்றினால் ரொம்ப நாள் ஓட்டலாம்.

கரு கூடாத முட்டை என்று கழிக்கும் முன் உடைத்துப் பாருங்கள். ஏழாம் நாள் டார்ச்சில் உள்ளே எதுவும் இல்லாமல் வெறுமையாகத் தெரிந்த முட்டையை உடைக்கும்போது, மஞ்சள் கருவின் மேல் சின்ன வெள்ளைப் புள்ளி மட்டும் இருந்தால் சேவல் மேல் சந்தேகப்படலாம். வளையமாகப் பரவிய தடமோ ரத்த வளையமோ இருந்தால் கரு கூடி, ஆரம்பத்திலேயே செத்திருக்கிறது. மே மாதத்தில் 34 டிகிரி அறையில் பத்து நாள் சேர்த்து வைத்த முட்டை இப்படித்தான் ஆகும். அந்தச் சூட்டில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துவிடும். 15 முதல் 18 டிகிரி, கூர்முனை கீழே, அதிகபட்சம் ஒரு வாரம். ஃபிரிட்ஜ் அதற்கும் கீழே போகும். ஈரமணலில் புதைத்த மண்பானைக்குள் உமி பரப்பி வைத்தால் 18 டிகிரி வராது, ஆனாலும் அறையைவிட எவ்வளவோ மேல்.

கரண்ட் விஷயத்தில் 12 வோல்ட் பேட்டரி இணைப்பு உள்ள மாடலையே வாங்குங்கள். ஆனால் 7 ஆம்பியர்-ஹவர் (Ah) பேட்டரி போட்டுவிட்டு ராத்திரி முழுக்க ஓடும் என்று நம்பாதீர்கள். ஹீட்டர் 80 வாட் என்றால் இரண்டு மணி நேரத்தைத் தாண்டுவதே கஷ்டம். கரண்ட் போனால் பதறவும் வேண்டாம். நம் ஊர் அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரக் குளிர்ச்சி பெரும்பாலும் கொல்லாது, கன்ட்ரோலர் ரிலே (ஹீட்டரைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டு 40 டிகிரிக்கு மேல் போவதுதான் கொல்லும். வெப்பம் ஏறினால் கத்தும் அலாரம் வேலை செய்கிறதா என்று சென்சாரைக் கையால் பொத்திச் சோதிக்க முடியாது, உடம்புச் சூடு அந்த அளவுக்குப் போகாது. வெந்நீர் நிரப்பிய டம்ளரின் வெளிப்பக்கத்தில் சென்சாரை ஒட்டி வைத்துப் பாருங்கள். கத்தவில்லை என்றால் அன்றே திருப்பி அனுப்புங்கள்.

சாயும் தட்டு, பேட்டரி இணைப்பு, வேலை செய்யும் அலாரம், இந்த மூன்றும் இருந்தால் 5க்கு மூன்றரை கொடுக்கலாம். உருளைத் தட்டு மாடலுக்கு இரண்டு. மெஷினுக்குப் போடும் காசோடு தராசு, ரப்பர் விரிப்பு, கம்பி வலை, சவ்வுத் துளைப்பான், 200 பக்க நோட்டு எல்லாவற்றுக்கும் இன்னொரு ஆயிரத்து ஐநூறு ஒதுக்கி வையுங்கள். அதற்குக் கையில் காசில்லை என்றால் இந்த சீசனுக்கு மெஷினைத் தள்ளிப்போட்டு, சாது அடைக்கோழி இரண்டைத் தேடிப் பிடித்து, ஒன்றுக்கு ஒரு பெட்டையின் முட்டை மட்டும் வைத்துவிடுங்கள். குஞ்சு கலக்கவே கலக்காது.